பந்தும் மட்டையும் ஒருவர் கையில்

கோலாலம்பூரை அடுத்த கின்ராரா ஓவல் திடலில், 2008 மார்ச்சு 2 அன்று, இந்திய அணி பத்தொன்பது வயதிற்குட்பட்டோர் உலகக் கிரிக்கெட் கோப்பையை வென்றது. பந்து வீசுவதிலும் மட்டை பிடிப்பதிலும் வல்ல ரவீந்திர ஜடேஜா அவ்வணியில் இருந்தார். இத்தகைய இருதிற ஆட்டக்காரர் இனியும் தோன்றுவரா என்பதே விதிமாற்றம் பற்றி இன்று எழுந்துள்ள வழக்கு.

அமெரிக்கப் பேஸ்பாலில், பந்தெறிபவர்க்கு மாற்றாக அடிப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தும் விதியை அமெரிக்கன் லீக் 1973இல் ஏற்றது. நேஷனல் லீக் அதனை நிலையாக ஏற்க 2022 ஆயிற்று. கிரிக்கெட்டிற்கு அத்துணைப் பொறுமை இல்லை. 2005இல் ஒருநாள் ஆட்டங்களிற் புகுந்த ‘சூப்பர்சப்’ முறை ஓராண்டிற்குள் கைவிடப்பட்டது. மாற்று ஆட்டக்காரரை நாணயம் சுண்டுமுன்னரே அறிவிக்கவேண்டியிருந்ததால், சுண்டலில் வென்ற அணிக்கே அவர் பெரிதும் பயன்பட்டார்.

ஐ.பி.எல். 2023இல் ஏற்ற ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி அக்குறையைக் களைந்தது. நாணயம் சுண்டிய பின்னரே பட்டியல். மாற்றாகக் குறித்த ஐவருள் ஒருவரை இடையே இறக்கலாம். ஆனால், பந்து வீசி முடித்தவரை நீக்கி அடிப்பவரை இறக்க முடியுமாயின், இரண்டும் அறிந்தவரைத் தேடுவானேன்? சென்னை வாசிங்டன் சுந்தர் போன்றோர்க்குப் பந்து வீசும் வாய்ப்புக் கிட்டவில்லை என்று ரோகித் சர்மா 2024இல் குறைப்பட்டார். அதே ஆண்டில் அசுவினோ, உத்திக்கு இடம் பெருகுகிறது என்று இவ்விதியை ஆதரித்தார். ரோகித்தின் கவலையே வலுவுடையது. உத்தி வகுப்போர் பலர் கிடைப்பர், ஜடேஜாக்கள் அரியர்.

பதினொருவர் கூடுவதே அரிதான சிறு கழகங்களுக்கு இவ்வழக்கு எட்டாது. அங்கே பந்து வீசியவரே மட்டையையும் எடுத்து வருகிறார்.