மதுரையைவிட அருகில் யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கி.மீ. தொலைவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலியோ சுமார் 355 கி.மீ. மட்டுமே. ஆயினும் பல்லாண்டுகளாக, யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் அதையும் தாண்டி, 640 கி.மீ.க்கு மேல் பறந்து, கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியிருந்தது. பிறகு, வந்த திசையிலேயே வடக்கு நோக்கித் திரும்பப் பயணம். அது சாலையிலோ ரயிலிலோ பல மணி நேரம்.

போருக்கு முன்பு பலாலியிலிருந்து தமிழகத்துக்கு விமானங்கள் பறந்தன என்பதை இன்றைய தலைமுறை அறியாது. 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னை சேவை தொடங்கியது. கரோனா காலத்தில் நின்றுபோனது, 2022 டிசம்பரில்தான் மீண்டது.

இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அந்தக் கணக்கில் முக்கால் மணி நேரம் போதும். ஆனால், பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, தரையிறங்கச் சுற்றி வருவது ஆகியவை தூரம் குறைந்தாலும் குறைவதில்லை. ஜெட் விமானம் வந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களே மிச்சமாகும்.

எனவே, பலாலி ஓடுபாதையை நீட்டுவதன் பயனை நேரத்தில் தேடக் கூடாது. எழுபது இருக்கைகள் இருக்கும் இடத்தில் நூற்றெண்பது கிடைக்கும். கொண்டுசெல்லும் சுமையும் கூடும். சாவு வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு அவசரமாகப் புறப்படுகிறவர் முதலில் கேட்பது, நாளைய விமானத்தில் இடம் இருக்கிறதா என்பதைத்தான்.