சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் உடல்கட்டும் நடையும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். நடையில் குறை கண்டால், எத்தனை அழகான மாடானாலும் விலை பேச மாட்டார். அதே விவசாயி, தோட்டக் காவலுக்குச் சிப்பிப்பாறை நாய் வாங்கும்போதும், தம் பெட்டை நாயைச் சினைக்குச் சேர்க்கும்போதும் "நல்ல உயரம், நல்ல ஒல்லி" என்பதோடு திருப்தி அடைந்துவிடுகிறார். ஓடுவதற்கென்றே உருவான இனத்தில் நடையைப் பார்க்காமல் தேர்வு செய்வது பெருந்தவறு. பொலிநாயின் தோளில் உள்ள குறை அதன் குட்டிகளில் பலவற்றுக்கும் வந்து சேரும்.

பார்வை வேட்டை நாய்கள்

மோப்பத்தால் அல்லாமல் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிக்கும் நாய்களைப் பார்வை வேட்டை நாய்கள் என்பர். இங்கிலாந்தின் கிரேஹவுண்டு, விப்பெட், மேற்கு ஆசியாவின் சலூக்கி, கர்நாடகத்தின் முதோல், நம் தென் மாவட்டங்களின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நாடு வேறானாலும் செய்த வேலை ஒன்றாக இருந்ததால் உடல் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு 2020-ஆம் ஆண்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. இனத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் தரத்தைக் காப்பது வளர்ப்பவர் கையில்தான் உள்ளது.

பாய்ச்சலின் இரகசியம்

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் நான்கு கால்களும் தரையை விட்டு எழும். இந்த நாய்களுக்கோ இருமுறை எழும். கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கிச் சேர்க்கும்போது ஒருமுறை, முன்னும் பின்னும் முழுமையாக நீட்டும்போது மறுமுறை. முதுகுத்தண்டு வில்போல வளைந்து நிமிர்வதால்தான் இது முடிகிறது. ஆகவே நாம் தேடும் உடல்கட்டு எல்லாம் இந்த வில்லுக்கு உதவுவதாக இருக்க வேண்டும்.

உடல்கட்டு

நாயைச் சமதளத்தில் இயல்பாக நிற்க வைத்துப் பக்கவாட்டில் பார்க்கவும். நெஞ்சுக்கூடு முழங்கை வரை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் விரிய இடம் வேண்டுமல்லவா? ஆனால் பீப்பாய் போல் அகன்ற நெஞ்சு, முழங்கைகளை வெளியே தள்ளி ஓட்டத்தைக் கெடுக்கும். வயிறு மேலேறி ஒட்டியிருந்தால்தான் பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் நன்கு வர இயலும்.

இடுப்பு தசைப்பிடிப்புடன் சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பது நல்லது. பலகை போல் தட்டையான முதுகு வளைந்து கொடுக்காது. தோளிலிருந்தே கூன் விழுந்த முதுகும் குறையே.

தோளைப் பார்ப்பதில்தான் பலர் தவறுகின்றனர். நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. தோள்பட்டை எலும்பு பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் கால் எட்டிப் போகும். தரையில் விழும் அதிர்ச்சியும் குறையும். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தோள்பட்டையின் உச்சியிலிருந்து தொங்கவிட்டால், நூல் ஏறக்குறைய முழங்கையை ஒட்டி இறங்க வேண்டும். முழங்கை அதற்கு வெகு முன்னால் இருந்தால் தோளோ மேற்கையோ செங்குத்தாக உள்ளது என்று கொள்ளலாம்.

பின்னங்காலில் முட்டி நன்கு வளைந்தும், தொடை அகன்றும், குதிகால் மூட்டு தரைக்கு அருகிலும் இருப்பது சிறப்பு. பாத விரல்கள் விரியாமல் நெருங்கி வளைந்திருக்க வேண்டும். உள்ளங்கால் மெத்தை தடித்திருக்க வேண்டும். நீண்ட வால் திரும்பும்போது சுக்கான் போல் உதவும்.

நடையைப் பார்க்கும் முறை

களத்துமேடு போன்ற கெட்டியான சமதளமே இதற்கு ஏற்றது. கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாயுடன் மெதுவாக ஓட வேண்டும். கயிறு இறுகினால் நல்ல நாயும் குறையுள்ளது போல் தோன்றும். பார்ப்பவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாய் விலகிப் போகும்போதும், எதிரே வரும்போதும், குறுக்கே செல்லும்போதும் தனித்தனியே பார்க்க வேண்டும். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டநடையில், இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக எழும். அடுத்து மற்ற இரண்டும் எழும். குறைகள் தெளிவாகத் தெரிவது இந்த ஓட்டநடையில்தான்.

குறுக்கே செல்லும்போது முன்னங்கால் தரையை ஒட்டித் தாழ்வாக நீண்டு எட்ட வேண்டும். பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நன்கு வந்து, தரையை உதைத்துத் தள்ள வேண்டும். முதுகு மேலும் கீழும் ஆடக்கூடாது. எதிரே வரும்போது கால்கள் நேராக வர வேண்டும். வேகம் கூடக்கூட நான்கு பாதங்களும் நடுக்கோட்டை நோக்கி நெருங்குவது இயற்கை. அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரு கால் மறுகாலின் குறுக்கே விழுந்தால்தான் குறை.

கவனிக்க வேண்டிய குறைகள்

முன்னங்காலை உயரத் தூக்கிப் போடும் நடை பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலும் தோள் செங்குத்தாக இருந்து, கால் எட்டாமல் போவதே இதற்குக் காரணம். முயற்சி மேல்நோக்கி வீணாகிறது. நாய் விரைவில் களைத்துவிடும்.

பின்னங்கால் அதிகமாக வளைந்து, தோள் மட்டும் நேராக இருந்தால் பின்பாதம் முன்பாதத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க நாய் உடலைக் கோணலாக வைத்து நண்டு நடை நடக்கும். ஆகவே முன்னும் பின்னும் ஒத்திருப்பதே முதல் தகுதி. பின்புறம் மட்டும் அபாரமாக உள்ள நாயைவிட, இரண்டும் நடுத்தரமாக ஒத்துள்ள நாய் மேலானது.

முழங்கை வெளியே தள்ளுதல், குதிகால் மூட்டுகள் உள்நோக்கி ஒன்றையொன்று உரசுதல், பாதத்தைத் துடுப்புப் போல் வெளியே வீசுதல் ஆகியவை உள்ள நாய்களை இனவிருத்திக்கு விடக்கூடாது. நொண்டினால் முதலில் முள், நீண்ட நகம், காயம் ஆகியவற்றைப் பார்க்கவும். அவை இல்லையெனில் கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.

ஒல்லி வேறு, பட்டினி வேறு

நல்ல நிலையில் உள்ள நாய்க்கும் கடைசி விலா எலும்புகள் சில தெரியலாம். இடுப்பு எலும்பின் முனைகளும் புலப்படலாம். அது இனத்தின் இயல்பு. ஆனால் தொடையைப் பிடித்துப் பார்த்தால் தசை கெட்டியாக இருக்க வேண்டும். தொடை சூம்பி, முதுகெலும்பு கத்திபோல் நீண்டிருந்தால் அது இன இலட்சணமல்ல. தீனிக்குறைவு அல்லது குடற்புழு.

ஒரு வயது நிறையாத நாயின் நடை தளர்ந்து தடுமாறும். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தாய் தந்தையை நடக்கவிட்டுப் பார்த்துக் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். வழுக்கும் சிமெண்டுத் தரையில் எப்போதும் கட்டிவைத்து வளர்த்தால் பாதம் விரிந்து நடை கெடும். வேலியிட்ட இடத்தில், கயிற்றில் கட்டிய கந்தல் துணியை இழுத்து ஓடவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றமாகும் என்பதை மறக்கக்கூடாது.

வேட்டை இருந்த காலத்தில் ஓட முடியாத நாயைக் காடே காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்தச் சோதனை இல்லை. ஆகவே சினைக்குச் சேர்க்கும் முன், இரு நாய்களையும் களத்துமேட்டில் பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்ப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.