வளர்ந்தது அவள்தான்

வால்பாறையில் மழை விட்ட ஒரு காலை. தேயிலைத் தோட்டத்து ஓரம் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஆளுயர வலை. வெயில் பட்டதும் இழையெல்லாம் பொன்னிறமாக மின்னின. நட்டநடுவில் தலைகீழாகத் தொங்கினாள் 'நெபிலா பிலிபெஸ்' என்ற காட்டுச் சிலந்தி. கருத்த நெடுங்கால்கள், மூட்டுக்கு மூட்டு மஞ்சள் பொட்டு. கால் விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில், வலையின் மேல்பக்கம் செம்பழுப்பு நிறத்தில் துரும்புகள்போல ஒட்டியிருந்த மூன்றை முதலில் நான் கவனிக்கவே இல்லை. குஞ்சுகள் என்றுதான் நினைத்தேன். மூன்றும் முழுதாக வளர்ந்த ஆண்கள்.

அவள் உடல் நீளம் 3 முதல் 5 சென்டிமீட்டர். ஆணுக்கோ 5, 6 மில்லிமீட்டர்தான்.

கொம்பன் யானையும் பிடரி சிலிர்க்கும் சிங்கமும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆண் என்றால் பெரிது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆண்கள் மோதி ஜெயித்தால்தான் இணை கிடைக்கும் என்ற இனங்களில் அது சரி. பூச்சிகளிலும் சிலந்திகளிலும் பெரும்பாலும் பெண்ணே பெரிது. நம்மூர் வைரி என்ற வேட்டைப் பறவையிலும் அப்படித்தான்.

இந்தச் சிலந்தியில் ஆண் ஏன் இப்படிச் சிறுத்துப்போனான் என்றுதான் கேட்கத் தோன்றும். காடிங்டன், ஹார்மிகா, ஷார்ஃப் என்ற மூவர் சிலந்திகளின் வம்சாவளியை அலசி, 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டது. இந்தக் குடும்பத்தில் ஆண் சிறுக்கவில்லை, பெண்தான் பருத்தாள். எனக்கு இது வெறும் வார்த்தை மாற்றமாகத் தெரியவில்லை. ஆணை அளவுகோலாக வைத்துப் பார்த்ததால்தான் கேள்வியே கோணலாக விழுந்திருந்தது.

அவள் பருக்கக் காரணம் வயிறு. பெரிய வயிற்றில் முட்டைகள் கூடுதலாகக் கொள்ளும். சிலந்தி வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். ஆண் சில தடவை உரித்ததும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு சொந்தமாக வலை பின்னுவதும் இல்லை, பெண்ணைத் தேடிக் கிளம்பிவிடுகிறது. இவளோ பருவம் எய்திய பிறகும் தோலுரித்து வளர்கிறாள். சிலந்திகளில் இது அபூர்வம்.

இவ்வளவு பெரியவளிடம் அந்தத் துரும்பு எப்படிப் போகும்? கூடும் சமயத்தில் அவள் முதுகில் ஏறி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து மெல்லிய நூலிழைகளை இடுகிறது. அவளைக் கட்டிப்போடும் வலு அந்த நூலுக்குக் கிடையாது. ஆனாலும் அவள் சாந்தமாகிவிடுகிறாள். ஆணைத் தின்றுவிடும் ஆபத்து குறைகிறது. நூலின் வாசனையைவிட, முதுகில் படும் அந்த ஸ்பரிசமே அவளை அதிகம் அடக்குகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அன்று நான் கிளம்பும்போது மூன்றில் ஒன்று, ஒவ்வொரு இழையாகத் தொட்டுத் தொட்டு, அவள் முதுகை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.