ஆற்றுப் படகும் கடலின் கணக்கும்

ஆற்றுக்காகக் கட்டப்பட்ட மீன்பிடிப் படகைக் கடலில் செலுத்தலாமா? எளிய கேள்விதான். ஆனால், அத்திப்பட்டைச் சுற்றியுள்ள மக்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. பூண்டியைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில்தான் கடலோடு கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏறத்தாழ நன்னீராக இருக்கும் கழிமுகம், கோடையில் கடலைப் போல உவர்த்துவிடுகிறது. இங்கு ஒரே படகு ஓராண்டுக்குள் இருவேறு நீரைச் சந்திக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். உப்புநீர் படகை மூழ்கடிப்பதில்லை. சற்று உயர்த்தியே மிதக்க வைக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதனால் அதன் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அதிகம். சுமையோடு ஒரு டன் எடையுள்ள படகு ஆற்றில் 1,000 லிட்டர் நீரை விலக்கும். கடலில் ஏறத்தாழ 975 லிட்டரை விலக்கினால் போதும். ஆபத்து உப்பில் இல்லை, அலையில் இருக்கிறது. ஆற்றுப் படகின் அடிப்பகுதி தட்டையானது. பக்கச் சுவர்கள் தாழ்ந்தவை. அமைதியான நீரில் வலை இழுக்க இந்த அமைப்பு வசதியானது. முகத்துவாரத்தில் ஆற்றின் ஓட்டமும் கடலின் அலையும் எதிரெதிரே மோதும்போது, அதே வசதி படகுக்குள் நீர் புக வழியாகிவிடுகிறது.

சோழமண்டலக் கரையின் முன்னோர் இதை அறிந்திருந்தனர். கட்டுமரத்துக்குப் பக்கச் சுவரே கிடையாது. மேலேறும் அலை மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டமும் அலையைத் தாங்கிக் கரையேறும் படகுகளை வடிவமைப்பதில் தனிக் கவனம் செலுத்தியது. நீருக்கேற்ற கலம் என்பதே இரண்டிலும் உள்ள பாடம்.

அடுத்தது அரிமானம். உப்புநீர் மின்சாரத்தை நன்னீரைவிடப் பல மடங்கு எளிதாகக் கடத்துகிறது. அலுமினியத் தகட்டில் சாதாரண எஃகு ஆணியை முடுக்கி உப்புநீரில் இறக்கினால், அந்த இணைப்பு ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. அதில் கரைந்து அழிவது அலுமினியம். இதைத் தடுக்கவே, தான் கரைந்து மற்றதைக் காக்கும் உலோகக் கட்டி ஒன்றை இயந்திரத்தில் பொருத்துகிறார்கள். நன்னீருக்கு மெக்னீசியக் கட்டி, கடலுக்குத் துத்தநாகக் கட்டி, கழிமுகத்துக்கு அலுமினியக் கட்டி ஏற்றது. மெக்னீசியக் கட்டியோடு கடலுக்குச் சென்றால் அது விரைவில் கரைந்து தீர்ந்துவிடும். அதன்பின் கரைவது இயந்திரத்தின் உடல்.

அவுட்போர்டு எஞ்சின் வெளிநீரை உறிஞ்சியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலிலிருந்து திரும்பியதும் சில நிமிடங்கள் நன்னீர் ஓடவிட்டுக் கழுவாவிட்டால், குழாய்களில் உப்பு படிந்து எஞ்சின் சூடேறும். மரப் படகுக்கு வேறொரு பகை உண்டு. நன்னீரில் காணப்படாத கப்பல்புழு, உவர்நீரில் பலகையை உள்ளிருந்தே துளைத்துவிடும். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. ஃபைபர் படகு இதிலிருந்து தப்பினாலும், அதன் ஆணிகளும் கம்பிகளும் தப்புவதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: படகின் விலை வேறு, படகின் செலவு வேறு. ஒரு பேச்சுக்கு, 60,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஆற்றுப் படகு கடலில் மூன்றே ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுச் செலவு 20,000 ரூபாய். 1,20,000 ரூபாய்க்கு வாங்கிய கடற்படகு பத்து ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுச் செலவு 12,000 ரூபாய்தான். ஆனால் கையில் மொத்தப் பணம் இல்லாதவர் முதல் கணக்கையே தேர்ந்தெடுக்க நேரிடுகிறது. ஏழைக்கு மலிவே விலை உயர்ந்ததாகிவிடும் அவலம் இது.

ஆற்றில் மீன் பிடித்தவர் ஏன் கடலை நோக்க வேண்டும் என்று கேட்கலாம். கழிமுகத்தின் நிலைதான் விடை. அத்திப்பட்டில் 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. நாட்டுக்கு மின்சாரமும் வணிகமும் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆற்றில் படிந்த சாம்பல் அதன் ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்க் கழிவு படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. ஆற்றில் பாடு குறையக் குறைய, கையிலிருக்கும் படகோடு முகத்துவாரத்தைத் தாண்டும் நெருக்கடி கூடுகிறது. தொழிற்சாலையின் கணக்கேட்டில் இடம்பெறாத இந்தச் செலவை மீனவர் தம் உயிரைப் பணயம் வைத்துச் செலுத்துகிறார்.

செய்யக்கூடியவை எளியவைதாம். படகு கரையேறும் இடங்களில் எஞ்சின் கழுவ நன்னீர்க் குழாய் அமைக்கலாம். படகைப் பதிவு செய்யும்போதே, அது எந்த நீருக்கு ஏற்றது என்பதையும் ஆய்ந்து குறிக்கலாம். கூட்டுறவுக் கடனை, படகின் விலையை மட்டும் பாராமல் ஆயுளையும் கருதி வழங்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, கழிமுகத்தின் ஆழத்தையும் தூய்மையையும் மீட்க வேண்டும். ஆற்றில் மீன் இருந்தால் ஆற்றுப் படகு ஆற்றிலேயே இருக்கும்.