படைவீரனும் பாண்டு வாத்தியமும்

பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பயின்ற ஒருவன், சில ஆண்டுகளுக்குப் பின் போர்ப்பிரிவை விட்டு நீங்கி, கிளாரினெட்டையோ முரசையோ கையில் ஏற்கிறான் என்று கேள்வியுற்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? "போர்வீரனாக இருந்தவன் வெறும் வாத்தியக்காரனாகிவிட்டானே!" என்று இரங்குவோர் ஒரு சாரார். "ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து அமர்ந்துகொண்டான், கெட்டிக்காரன்!" என்று நகைப்போர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பதையே நாம் இங்கு விளக்கப் புகுகிறோம். அவன் வீரத்தை விட்டு இசைக்கு வரவில்லை. ஒரு கட்டுப்பாட்டிலிருந்து அதனினும் நுண்ணியதொரு கட்டுப்பாட்டிற்கு வருகிறான்.

முதலில், படைக்கு வாத்தியம் எதற்காக என்பதைக் காண்போம். ஒலிபெருக்கியும் கம்பியில்லாத் தந்தியும் தோன்றாத காலத்தில், ஆயிரம் பேர் கலந்து நிற்கும் களத்தில் தலைவனின் குரல் எவ்வளவு தூரம் செல்லும்? முன்னேறு, நில், பின்வாங்கு என்னும் ஆணைகளையெல்லாம் முரசும் எக்காளமும் பியூகிலுமே படையினர்க்கு உணர்த்தின. துயிலெழும் நேரத்தையும் உணவு நேரத்தையும் விளக்கணைக்கும் நேரத்தையும் அவையே அறிவித்தன. நெடுந்தூரம் நடக்கும் படைக்குக் கால்களை ஒன்றுபடுத்தி, களைப்பை மறக்கச் செய்ததும் அவ்வொலியே. ஆகவே படையின் இசை கேளிக்கைக்காகப் பிறந்ததன்று, கட்டளையாகப் பிறந்தது.

அவ்விசையை முறையாகக் கற்பிக்கவேண்டும் என்னும் எண்ணம் எழுந்த கதை சுவையானது. 1854-இல் கிரிமியப் போரின்போது, துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரியில் விக்டோரியா அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பு நடைபெற்றது. பல ரெஜிமெண்டுகளின் பாண்டுகள் ஒன்றுகூடி நாட்டு வணக்கப் பாடலை வாசித்தன. ஒவ்வொரு பாண்டும் தனக்குப் பழகிய சுருதியில், தனக்குப் பழகிய அமைப்பில் வாசித்தமையால், அரசிக்கு வணக்கமாக எழவேண்டிய இசை காதைப் பிளக்கும் கூச்சலாக முடிந்தது என்பர். அதன் விளைவாகவே 1857-இல் லண்டனுக்கு அருகில் நெல்லர் ஹால் என்னும் மாளிகையில் இராணுவ இசைப் பள்ளி நிறுவப்பெற்றது. அப்பள்ளி 2021-இல்தான் அம்மாளிகையை விட்டு நீங்கியது. நம் நாட்டுப் பாண்டுத் தலைவர்கள் சிலரும் அங்கே பயின்றவர்களே.

இந்திய சேனையில் இருவகைப் பாண்டுகள் உள்ளன. ஒன்று, பித்தளை வாத்தியங்களும் கிளாரினெட் போன்ற துளைவாத்தியங்களும் கொண்ட மிலிட்டரி பாண்டு. மற்றொன்று, ஸ்காட்லாந்து நாட்டுப் பைப்பும் முரசும் சேர்ந்தது. முதல் வகையில் வாசிப்போர் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள். காலாட்படைப் பட்டாலியன்களின் பைப்புக் குழுக்களிலோ, அப்பட்டாலியனின் சிப்பாய்களே வாசிக்கின்றனர். அவர்கள் துப்பாக்கியைத் துறந்தவர்கள் அல்லர். விழா நாளில் பைப்பு, போர்நாளில் படைக்கலம் என இரண்டையும் ஏற்றவர்கள். முதல் வகையினர்க்கும் போர்க்காலத்தில் ஓய்வு கிடையாது. காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலில் ஏற்றிச் சுமந்து வருவதும், முதல் உதவி செய்வதும் பாண்டுக்காரர்களுக்கு நெடுங்காலமாக உரிய கடமை. குண்டு பாயும் இடத்திற்குக் கையில் ஆயுதமின்றிச் சென்று வருபவனை, ஆபத்தில்லாத இடம் தேடியவன் என்று எவ்வாறு கூறுவது?

வாத்தியத்தோடேயே போர்முனையில் நின்றவர்களும் உளர். 1897 அக்டோபர் 20-ஆம் நாள், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் தர்காய் என்னும் மலைமுகட்டின்மேல் கார்டன் ஹைலாண்டர்ஸ் படை ஏறியபோது, ஜார்ஜ் பிண்ட்லேட்டர் என்னும் பைப்பு வாசிப்பவர் இரு பாதங்களிலும் குண்டடி பட்டார். நிற்க இயலாத நிலையிலும், தரையில் அமர்ந்தபடியே பைப்பை அவர் தொடர்ந்து வாசித்தார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் என்னும் உயர்ந்த வீரப்பதக்கம் வழங்கப்பெற்றது.

இனி, போர்ப்பிரிவிலிருந்து பாண்டிற்கு மாறுபவன் புதிதாகக் கற்கவேண்டியவை யாவை என்று பார்ப்போம். பயிற்சித் திடலில் அவன் குதிகாலை ஓங்கி மிதிக்கக் கற்றவன். தரை அதிர மிதிப்பதே அங்குச் சிறப்பு. பாண்டிலோ அந்த மிதியே பகையாகிவிடுகிறது. கார்னெட் வாசிக்கும் ஒருவன் காலை ஓங்கி மிதித்தால், அவ்வதிர்ச்சி உடலேறி, வாத்தியத்தின் வாய்ப்பகுதி பல்லில் மோதும், உதடு கிழியும், ஸ்வரம் நடுங்கும். ஆதலால் இடுப்புக்குக் கீழே சிப்பாயாகவும், இடுப்புக்கு மேலே அசையாத சிலையாகவும் நடக்க அவன் பழகவேண்டும். நிமிடத்திற்கு 120 அடி வீதம் நடந்துகொண்டே, அந்நடையின் இடைவெளிக்குள் மூச்சை வாங்கி, வாங்கிய மூச்சைச் சிறிது சிறிதாகச் செலவிடவேண்டும். பெரிய முரசின் அடி இடது காலோடு இணைந்து விழும். அது பிசகினால் பின்னால் வரும் பல நூறு பேரின் கால்களும் பிசகும். துப்பாக்கி பிடித்தபோது அவன் தவறினால் அவன் ஒருவனையே ஹவில்தார் கடிந்துகொள்வார். இங்கே ஒருவனின் தவறு அணி முழுவதையும் தடுமாறச் செய்கிறது.

பைப்பு வாத்தியத்தின் அருமை வேறு. நம் நாதஸ்வரத்தையும் அதற்குத் துணையாக ஒலிக்கும் ஒத்தையும் ஒரே ஆளின் கையில் கொடுத்து, இரண்டிற்கும் ஒரு தோற்பையிலிருந்து காற்றூட்டினால் எவ்வாறிருக்கும்? ஏறத்தாழ அதுவே பைப்பு. அதன் குழலில் கிடைப்பவை ஒன்பதே ஸ்வரங்கள். பையிலுள்ள காற்று இடைவிடாது பாய்வதால், வாசிக்கும்போது நடுவில் ஒலியை நிறுத்த இயலாது. ஒரே ஸ்வரத்தை இருமுறை ஒலிக்கவேண்டுமானால், இடையே இமைப்பொழுதில் வேறொரு ஸ்வரத்தைத் தொட்டு மீளவேண்டும். இதனை விரல்கள் தாமே செய்யும் அளவிற்குப் பழக்க, பையில்லாத பயிற்சிக் குழலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைக்கவேண்டும். குறி பார்த்துச் சுடுவதற்குப் பழகிய விரலுக்கு இது முற்றிலும் புதிய பள்ளிக்கூடம்.

மற்றுமொரு வியப்பு உண்டு. இசைக்குச் செவியே அரசன் என்கிறோம். ஆயினும் பல பாண்டுகள் சேர்ந்து அகன்ற திடலில் நடக்கும்போது, செவியை மட்டும் நம்புவோர் தாளம் தவறுவர். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நாற்பது மீட்டர் தொலைவில் எழும் முரசொலி நம்மை வந்தடைய ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே அரை வினாடியே உள்ள நடையில், அது பெரிய தாமதம். அதனால்தான் முன்னே செல்லும் டிரம் மேஜர் உயர்த்திப் பிடித்த கோலையும், இசைத் தலைவரின் கையையும் அனைவரும் கண்ணால் பற்றிக்கொள்கின்றனர். அருகிலிருப்பவனின் சுருதியைச் செவியால் கேட்டு, தாளத்தைக் கண்ணால் வாங்கி, மெட்டை நினைவிலிருந்து எடுத்து, காலை வரிசையில் வைத்தல் என நான்கு வேலைகளை ஒருங்கே செய்வதே பாண்டுக்காரனின் அணிநடை.

இவற்றைக் கற்பிக்க நம் நாட்டில் ஏற்பட்ட நிலையம் மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலைமேல் உள்ள பச்மடியில் இருக்கிறது. சுதந்தரத்தை ஒட்டி ஆங்கிலேயப் பாண்டுத் தலைவர்கள் தாய்நாடு திரும்பியபின், நமக்கு நாமே ஆசிரியர்களை உருவாக்கிக்கொள்ளும் தேவை ஏற்பட்டது. ஜெனரல் கரியப்பா சேனாதிபதியாக இருந்த காலத்தில், 1950-இல், இராணுவ இசைப் பிரிவு அங்கே தொடங்கப்பெற்றது. புதிதாகச் சேர்ந்தோர் முதல் பாண்டுத் தலைவராகத் தேர்ச்சி பெற விழைவோர் வரை பலரும் அங்குப் பயில்கின்றனர். ஐந்து கோட்டில் எழுதிய மேனாட்டு ஸ்வரக் குறிப்பைப் படிப்பதே பலர்க்கு முதல் பாடம். கேட்டுக் கேட்டே இசை பழகிய நம்மவர்க்கு அது முதலில் கடினமாகவே தோன்றும்.

பிறநாட்டு மெட்டு நம் செவிக்கு ஒட்டுமா என்னும் ஐயம் வேண்டுவதில்லை. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டே முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். அப்பாண்டுகள் கொணர்ந்த கிளாரினெட், சதிர்க் கச்சேரிக்கும் பின்னர்க் கர்நாடக இசை மேடைக்கும் உரியதாயிற்று. மறுபுறம், நம் மெட்டுகள் பாண்டிற்குச் சென்றன. புது டில்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29-ஆம் நாள் நடைபெறும் பாசறை திரும்பும் விழாவில், 2023-இல் நம் இராகங்களைத் தழுவிய இந்திய மெட்டுகள் முதன்மை பெற்றன.

போரும் இசையும் ஒரே வாழ்வில் கூடிய ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் இராம் சிங் டாக்குரி. தர்மசாலாவிற்கு அருகில் 1914-இல் பிறந்த கூர்க்கா இனத்தவர். இளமையிலேயே கூர்க்கா ரைபிள்ஸ் படையில் பாண்டுச் சிறுவனாகச் சேர்ந்தார். பின்னர் அப்படையிலேயே ஹவில்தார் மேஜர் நிலைக்கு உயர்ந்து, 1941-இல் மலேயாவிற்கு அனுப்பப்பெற்று, ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். அடுத்த ஆண்டில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய இசைத்திறம் மீண்டும் வெளிப்பட்டது. "கதம் கதம் படாயே ஜா" என்னும் நடைப்பாட்டிற்கு மெட்டமைத்தவர் அவரே. நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். ஆங்கில அரசு தடைசெய்த அந்த மெட்டு, பிற்காலத்தில் சுதந்தர இந்தியாவின் சேனைக்கே நடைமெட்டாயிற்று. இராம் சிங் 1948-இல் லக்னோவில் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீசின் பாண்டில் சேர்ந்து பணியாற்றினார், 2002-இல் காலமானார். துப்பாக்கி ஏந்திய நாட்களில் அவர் செய்த சேவையை எத்தனை பேர் அறிவர்? அவர் அமைத்த மெட்டுக்கோ இன்றும் ஆயிரமாயிரம் கால்கள் நடக்கின்றன.

இம்மாற்றத்தில் இழப்பே இல்லையென்று நாம் கூறமாட்டோம். போர்ப்பிரிவில் ஆட்களை நடத்திச் செல்லும் பொறுப்பு படிப்படியாக வந்து சேரும். பாண்டிலோ உயர்படிகள் சிலவே. ஒரு பாண்டிற்குத் தலைவர் ஒருவர்தான். கூடப் பயின்ற தோழர்கள் எல்லைக்குச் செல்லும்போது, தான் ஸ்வரம் பழகிக்கொண்டிருப்பதை எண்ணி மனம் குன்றுவதும் உண்டு. வெடியோசையில் பழகிய செவி, மெல்லிய உச்ச ஸ்வரங்களை உணரும் கூர்மையைச் சிறிது இழந்திருக்கவும் கூடும். வயது ஏற ஏற உதடும் விரலும் புதியதற்கு இணங்க மறுக்கும். ஆகையால் விருப்பம் உள்ளவன் இளமையிலேயே மாறுதல் நன்று. களத்திற்கு அஞ்சி மாறுபவனுக்குப் பாண்டு புகலிடம் ஆகாது என்பதையும் மேலே கண்டோம்.

ஆயினும், பாண்டுக்காரனையன்றி வேறு எவராலும் ஆற்ற இயலாத கடமை ஒன்று உண்டு. நாட்டிற்காக உயிர்நீத்த வீரனின் உடல் சொந்த ஊருக்கு வருகிறது. தாயும் மனைவியும் கதறுகின்றனர். ஊரே திரண்டு நிற்கிறது. துப்பாக்கிகள் தலைகீழாகத் தாழ்கின்றன. அப்போது பியூகில் வாசிப்பவன் ஓரடி முன்வந்து, இறுதி மரியாதைக்குரிய ஸ்வரங்களை ஊதுகிறான். அவனும் மனிதனே. மறைந்தவன் அவனுடன் ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கியவனாகவும் இருக்கலாம். தொண்டை அடைத்தால் மூச்சு வாராது. உதடு நடுங்கினால் ஒலி உடையும். மற்றவர் அழலாம், அவன் அழுதல் ஆகாது. சில நிமிடங்களுக்குத் தன் துயரைத் தள்ளிவைத்து, ஊரார் அனைவரின் துயரையும் ஒரு பித்தளைக் குழலில் ஏற்றி, பிசகின்றி ஒலித்துவிட்டுத் திரும்புகிறான். போர்முனையில் கை நடுங்காதிருக்க எத்துணை உறுதி வேண்டுமோ, அத்துணை உறுதி இதற்கும் வேண்டும்.

ஆதலின், நம் வீட்டுப் பிள்ளையோ அடுத்த வீட்டுப் பிள்ளையோ பட்டாளத்தில் பாண்டிற்கு மாறினான் என்னும் செய்தி வந்தால், நாம் இரங்கவும் வேண்டா, நகைக்கவும் வேண்டா. நடக்கும் படைக்குக் காலும், வென்ற படைக்குப் பெருமிதமும், வீழ்ந்த வீரனுக்கு வணக்கமும் அளிக்கும் பணியை அவன் ஏற்றுள்ளான் என்று அறிந்து மகிழ்வோமாக.