எவருடைய செலவு கணக்கில் வந்தது? மருத்துவத் திட்டங்களின் ‘செலவுப் பயன்’ ஆய்வுகளைப் படிக்கும் முறை

மார்ச் 31-ஆம் தேதியோடு நிதியாண்டு முடிவதால், எந்த மருத்துவத் திட்டத்துக்கு ஒதுக்கீடு கூடும், எதற்குக் குறையும் என்ற பேச்சு ஆண்டுதோறும் இந்த வாரங்களில் எழுகிறது. ‘செலவுக்கேற்ற பயன் தருவது ஆய்வில் உறுதியாகியுள்ளது’ என்ற தொடரும் கூடவே வருகிறது. திருநெல்வேலி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பகுதி வாசகர்களின் கடிதங்கள் இத்தொடரைப் பற்றிய குழப்பத்தையே காட்டுகின்றன. திட்டம் மலிவானது என்று இதற்குப் பொருளா, அரசுக்குப் பணம் மிச்சமாகிறதா, நோயாளிக்குச் செலவு குறைகிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள். இம்மூன்றில் எதுவும் அத்தொடரில் கட்டாயமாக அடங்கியிருக்கவில்லை என்பதே நேர்மையான விடை.

அப்படியானால் அத்தொடர் எதைச் சொல்கிறது?

ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிட்டு, கூடுதலாக ஆகும் செலவைக் கூடுதலாகக் கிடைக்கும் நலத்தால் வகுத்து வரும் எண், ஆய்வாளர் வைத்துக்கொண்ட ஓர் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த நலம் பெரும்பாலும் ‘தரம் சீர்செய்த வாழ்வாண்டு’ என்ற அலகில் அளக்கப்படுகிறது. முழு நலத்தோடு வாழ்ந்த ஓராண்டு ஒன்று என்றும், நோயின் தொல்லையோடு வாழ்ந்த ஆண்டு அதற்குக் குறைந்த பின்னமாகவும் கணக்கிடப்படும். பயனாளிகளின் எண்ணிக்கையைக் கோடிகளில் சொல்லும் அறிவிப்பு இவ்வகை ஆய்வாகாது. மருந்து எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

இத்தகைய ஆய்வுகளை எழுதுவதற்கு விதி உண்டா?

உண்டு. ‘சியர்ஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் பன்னாட்டு அறிக்கைநெறி 2013-இல் 24 அம்சங்களுடன் வெளிவந்து, 2022-இல் 28 அம்சங்களாக விரிவாக்கப்பட்டது. எந்த மக்களிடம், எந்த ஊரில், எதனோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டுக் காலத்துக்கு, எந்த ஆண்டின் விலையில் கணக்கிட்டார்கள், ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பவை அனைத்தும் அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அது கோருகிறது. இந்தியாவில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இத்தகைய ஆய்வுகளை நடத்துவிக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் மண்டல மையங்களுள் ஒன்று. சியர்ஸ் நெறி, எழுதும் முறைக்கு உரியதே தவிர, ஆய்வின் தரத்துக்குச் சான்றிதழாகாது என்பதை வாசகர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். 28 அம்சங்களையும் நிறைவு செய்த ஆய்வும் தவறான ஊகங்களின் மேல் நிற்கக்கூடும். அந்த ஊகங்களை மறைக்க இயலாமல் செய்வதே இந்நெறியின் பணி.

முடிவையே மாற்றிவிடும் அம்சம் எது?

2022-இன் சியர்ஸ் பட்டியலில் எட்டாவது அம்சமான ‘கண்ணோட்டம்’. எவருடைய பையிலிருந்து போகும் பணம் செலவாகக் கொள்ளப்படுகிறது என்பதே இதன் பொருள். மருத்துவமனையின் கண்ணோட்டத்தில் மருந்து, ஊதியம், கருவி, கட்டடம் ஆகியவை மட்டுமே செலவு. சமூகத்தின் கண்ணோட்டத்தில் நோயாளியின் பயணம், துணைக்கு வருபவரின் உணவு, இருவரும் இழக்கும் கூலி ஆகியவையும் சேரும்.

இதன் விளைவைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் ஆய்வே தெளிவாகக் காட்டுகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைத் தொலைமருத்துவம் வழியாகக் கிராமங்களிலேயே கண்டறியும் சென்னை சங்கர நேத்ராலயாவின் பணியை அடிப்படையாகக் கொண்டு, 40 வயதுடைய 1000 கிராமப்புற நோயாளிகள் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்படுவதாகக் கற்பித்துக் கணக்கிட்ட அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பரிசோதனையே இல்லாத நிலையோடு ஒப்பிட்டபோது, மருத்துவச் சேவை அளிப்பவரின் கண்ணோட்டத்தில், ஒரு தரம் சீர்செய்த வாழ்வாண்டுக்கு 1320 டாலர் என்ற அளவில் திட்டம் ஏற்கத்தக்கதாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்தாலும் செலவு எல்லைக்குள் நின்றது. நோயாளியின் செலவையும் சேர்த்துச் சமூகக் கண்ணோட்டத்தில் கணக்கிட்டபோதோ, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதற்கு மேல் அடிக்கடி பரிசோதிப்பது எல்லையைத் தாண்டிவிட்டது. நோயும் மக்களும் கருவியும் மாறாமலிருக்க, செலவைச் சுமப்பவர் பட்டியல் மாறியதால் மட்டுமே இரண்டு ஆண்டு என்பது ஐந்து ஆண்டாயிற்று. இரு கண்ணோட்டங்களையும் அவ்வாய்வு வெளிப்படையாகத் தந்ததால்தான் இன்று இதைப் பேச முடிகிறது. ஒன்றை மட்டும் அச்சிட்டிருந்தால் வாசகருக்கு மற்றது தெரியவே வந்திராது.

இங்கே கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஏழையின் செலவைக் கணக்கில் சேர்ப்பது ஏழைக்குச் சாதகமாகவே முடியும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சேவையே இல்லாத நிலையோடு ஒப்பிடும்போது, நோயாளியின் பயணமும் கூலி இழப்பும் சேவைக்கு எதிரான எடையாகவே விழுகின்றன. மாறாக, ஊருக்கு வரும் சேவையைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் சென்று பெறும் சேவையோடு ஒப்பிட்டால், அதே பயணச் செலவு மிச்சமாகி, ஊர்ச் சேவைக்கு ஆதரவாக நிற்கும். ஆகவே கண்ணோட்டத்தையும் ஒப்பீட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாபநாசத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்து பாளையங்கோட்டைக்கு மாதாந்திர மாத்திரை வாங்க வரும் ஒருவரையும், அவருக்குத் துணையாக வரும் பீடி சுற்றும் மனைவியையும் எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டம் அம்மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்லும்போது, பணியாளர் ஊதியம் சுகாதாரத் துறையின் ஏட்டில் கூடுகிறது. அவ்விருவரின் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் வேலையும் மிஞ்சுவது துறையின் ஏட்டில் எங்கும் பதிவாவதில்லை. துறையின் செலவை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு வீட்டுச் சேவை வீண்செலவாகத் தோன்றும். அதை நிறுத்தினால் ‘சேமிப்பு’ என்று அறிக்கை எழுதலாம். உண்மையில் அச்செலவு அரசின் தலையிலிருந்து குடும்பத்தின் தலைக்கு மாறியிருக்கும்.

இழந்த கூலியைச் சேர்ப்பதும் முழுத் தீர்வாகாது. பீடித் தொழிலில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கூலி கணக்கிடப்படுவதால், அப்பெண் இழக்கும் நாளின் மதிப்பு ஆய்வில் மிகச் சிறிய தொகையாகவே இடம்பெறும். கூலி பெறாத இல்லத்தரசியின் நாளும் முதியவரின் நாளும் சில ஆய்வுகளில் சுழியமாகவே நிற்கும். நாள் முழுதும் வரிசையில் காக்கவைக்கும் மருத்துவமனை, காத்திருப்பவர் ஏழையாக இருக்கும் அளவுக்குச் ‘செலவில்லாதது’ ஆகிவிடுகிறது. செலவும் பயனும் எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு சேர்கின்றன என்று காட்டும்படி 2022-இன் பட்டியல் புதிதாகக் கேட்பது இக்குறையை நோக்கியே. நோயாளிகளை ஆய்வில் எவ்வாறு ஈடுபடுத்தினார்கள் என்ற கேள்வியும் அவ்வாண்டே சேர்ந்தது.

‘எல்லை’யை வகுப்பவர் யார்?

மேற்கண்ட ஆய்வு கொண்ட எல்லையான 3183 டாலர், நாட்டின் அன்றைய தலா உற்பத்தியின் மூன்று மடங்கு. இன்று இந்திய மதிப்பீடுகளில் வழங்கும் ஒரு மடங்கைப் பயன்படுத்தினால் அது 1061 டாலராகக் குறைந்து, 1320 டாலர் என்ற முடிவும் தோற்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் பரவிய அந்த மும்மடங்கு அளவுகோலை அந்நிறுவனத்தின் வல்லுநர்களே பின்னர் ஐயத்தோடு நோக்கினர் என்பதால், எல்லையைத் தொட்டு வரும் ‘உறுதியாகியுள்ளது’ என்ற சொல்லை அதே ஐயத்தோடு படிப்பது தகும்.

வருங்காலப் பயன் எவ்வளவு குறைத்து மதிப்பிடப்படுகிறது?

பின்னாளில் வரும் செலவையும் பயனையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 3 சதவீதம் கழிப்பது இந்திய வழக்கம்.

மருந்து நிறுவனம் பணம் தந்த ஆய்வைத் தள்ளிவிடலாமா?

தள்ள வேண்டியதில்லை; ஆனால் சியர்ஸ் பட்டியலின் 27, 28-ஆம் அம்சங்களில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வின் முடிவு இங்கே பொருந்துமா?

கூலியும் விலையும் பயணத் தூரமும் வேறாக இருக்கும்வரை பொருந்தாது.

சாதாரண வாசகர் என்ன செய்யலாம்?

ஒரு திட்டம் செலவுக்கேற்ற பயன் தருகிறது என்றோ தரவில்லை என்றோ யார் சொன்னாலும், எவருடைய செலவைக் கணக்கிட்டீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள் என்ற இரு கேள்விகளைக் கிராமசபையிலும், சட்டமன்ற உறுப்பினரிடமும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேளுங்கள்; அவ்விரண்டுக்கும் எழுத்தில் விடை இல்லாத அறிக்கையை நம்பி எந்த ஊரின் மருத்துவச் சேவையையும் குறைக்க இடம் தரலாகாது.