ஒரு கொமாவின் விலை

‘ஒரு கொமா விடுபட்டால் என்ன குடியா முழுகிவிடும்?’ என்று ஆங்கிலம் எழுதுங்கால் நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கொன்றைக் கேளுங்கள்.

மெயின் மாநிலத்துச் சட்டமொன்று, உணவுப் பொருள்கள் சம்பந்தமான சில வேலைகளுக்கு மேலதிக நேரச் சம்பளம் கட்டாயமன்று என விதித்தது. உலர்த்துதல், சேமித்தல் என நீண்ட அப்பட்டியல், ‘பாக்கிங் ஃபோர் ஷிப்மென்ட் ஓர் டிஸ்ட்ரிபியூஷன்’ என முடிந்தது. ‘ஓர்’ என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லின் முன் கொமா இல்லை.

‘அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதிசெய்தல் என்பதே இதன் பொருள், நாங்கள் பொதிசெய்வதில்லை, விநியோகிக்கிறோம். ஆகவே விலக்கு எமக்குப் பொருந்தாது’ என்று பால் நிறுவனமொன்றின் லொறிச் சாரதிகள் வாதாடினர். ‘பொதிசெய்தல் வேறு, விநியோகித்தல் வேறு, இரண்டுக்கும் விலக்குண்டு’ என்றது நிறுவனம். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் ஐயத்துக்கிடமானது, அவ்வையம் தொழிலாளர்க்கே சாதகமாதல் வேண்டும் எனத் தீர்த்தது. 2018 இல் நிறுவனம் 50 இலட்சம் டொலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சட்டமும் அரைப்புள்ளிகள் இட்டுத் திருத்தப்பட்டது.

தமிழில் ‘அனுப்பவோ விநியோகிக்கவோ’ என ஓகாரம் ஒவ்வொரு சொல்லோடும் நின்று பொருளைக் காக்கின்றது. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் ஒருமுறையே வருவதால், அதற்கு முன் நிற்கும் கொமா அவ்வேலையைச் செய்கின்றது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் கையாள்வதால் அதனை ‘ஒக்ஸ்போர்ட் கொமா’ என்பர். ஆங்கிலப் பத்திரிகைகள் பல அதனை இடுவதில்லை, அதுவும் பிழையன்று.

ஆயினும் மாணவர்களே, பட்டியலொன்றை எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இருபொருள் தோன்றுமாயின் கொமாவை இடத் தயங்காதீர்கள்.